விடியும் முன் செத்த மீன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை அமைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தண்ணீர் பச்சையாகக் கிடக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் பேச்சு. தண்ணீர் நின்றால் போதாதா, ஏரிகளை ஆராயத் தனித் துறை எதற்கு என்கிறார் என் நண்பர்.

வாசகர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மீன்கள் செத்த நேரத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் ஐயம் அதிலிருந்தே தொடங்குகிறது. பச்சை நிறத்துக்குக் காரணமான நுண்பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இருட்டிய பின் அந்தப் பாசியும் மீன்களும் அடியில் மக்கும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைச் செலவழிப்பதால், பொழுது புலர்வதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அப்போது கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விராலும் தேளியும் வெளிக்காற்றையே சுவாசிக்க வல்லவை. செத்தவற்றில் கெண்டை மிகுந்து விரால் இல்லாதிருந்தால், விஷத்தைவிட மூச்சுத்திணறலையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

பாசி ஏன் பெருகுகிறது என்பதற்குக் கனடாவில் 1973இல் தெளிவான சோதனை ஒன்று நடந்தது. ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் ஒண்டாரியோவில் 226 என்று எண்ணிடப்பட்ட சிறிய ஏரியை, அதன் குறுகிய இடுப்பில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாக மாறியதை வானிலிருந்து எடுத்த படத்தில் யாரும் பார்க்கலாம். சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் உரத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான். ஆகவே உங்கள் கண்மாயில் எந்தக் கழிவுநீர்க்கால் வந்து சேர்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கல் பதித்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம். எதிரே உள்வாய்ப் பக்கம் நீர் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து நிலத்தோடு கலக்கும். வெயில் தரைவரை இறங்கும் அந்த ஆழமற்ற விளிம்பில் கோரையும் சம்பும் வளர்ந்து, வந்து சேரும் சத்துக்களில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். விரால் முட்டையிடுவதும் அங்கேதான். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நகர, அடியில் தாயும் தந்தையும் காவலாக நீந்துவதை ஒருமுறை கண்டவர் அந்த இடத்தைப் புதர் என்று சொல்லமாட்டார். நாற்புறமும் செங்குத்தாகக் கல் அடுக்கினால் இந்த விளிம்பு முழுவதும் போய்விடுகிறது.

தனித் துறை எதற்கு என்ற உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஜெனீவா ஏரியைப் பற்றி 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகள் எழுதி இத்துறைக்கு அடித்தளமிட்ட சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபொரெல், நீரோட்டம், வெப்பம், வேதியியல், உயிர்கள் அனைத்தையும் ஒன்றாகவே ஆராய்ந்தார். உலகின் மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி, நிலவுலகின் மிகச் சிறிய பரப்பான நன்னீரில் வாழ்கின்றன என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். சாண் அகலத் தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பகுதிகள் தீட்டி, முழம் குறித்த கயிற்றில் கட்டி, வாரம் ஒருமுறை நண்பகலில் ஒரே இடத்தில் இறக்குங்கள். தகடு கண்ணுக்கு மறையும் ஆழத்தைத் தேதியோடு குறித்துவையுங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அந்த ஆழம் காட்டும். உள்வாய்ப் பக்கம் கல்லை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள்.