குதிகாலில் எலும்பு வளர்ந்தால் அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 42. துணிக்கடையில் வேலை. நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. சிறிது நடந்தால் குறைகிறது. மாலையில் மறுபடி வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அந்த எலும்பு முள்ளின்மீது பழி போடாதீர்கள். குதிகால் வலியே அறியாத பலரின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கும்.

வலிப்பது, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு. வில்லுக்கு நாண்போல, பாதத்தின் வளைவுக்கு அது. நடக்கையில் குதிகால் மேலெழும்போது விரல்கள் மடங்கும். உடனே சவ்வு இறுகி, வளைவு உயர்ந்து, பாதம் விறைக்கும். அந்த விறைப்பு இருந்தால்தான் தரையை உந்த முடியும். ஒவ்வோர் அடியின் இழுப்பும் சவ்வு குதிகாலோடு ஒட்டியுள்ள இடத்தில் விழுகிறது. சுமை அளவு மீறினால் அந்த இடம் நைந்துபோகிறது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் சவ்வு சுருங்கியிருக்கும். எழுந்ததும் உடல் எடை முழுவதும் ஏறி அதைத் திடீரென்று இழுக்கிறது. முதல் அடியின் வலி அதுதான்.

எனவே கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே வலது காலை இடது தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்து 10 விநாடி பிடியுங்கள். இப்படி 10 முறை. பிறகு சுவரில் கையூன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையில் பதிய 30 விநாடி நின்றால் கெண்டைக்கால் சதை தளரும். வலி சற்று அடங்கியதும், சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். சவ்வு வலுப்பெறுவது இதில்தான். பலர் இதைத்தான் செய்யாமல் விடுகிறார்கள்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அதற்கென்றே தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடியுள்ளது) வாங்கி, பூஜையறை வாசலில் கழற்றிவிடுங்கள். கடையில் உட்கார இருக்கை கேளுங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கும் பழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அதன் அருகில்கூடப் போகக் கூடாது; சுட்டுப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், சவ்வே அறுந்துபோகவும் கூடும். பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் ஊசி இல்லாமலே சரியாகிவிடுகிறது.

பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தாலும், படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருந்தாலும், குதிகாலை இருபுறமும் அழுத்தினால் வலித்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். அப்போது பயிற்சிகளை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரை நேரில் பாருங்கள்.