வீரனுக்குப் பிங்க் கவசம் போட்டால் சீட் கிடைக்காதா?

கதாபாத்திர வடிவமைப்புப் படிப்பில் சேர உங்கள் மகன் வரைந்த படங்களை நிதானமாகப் பார்த்தேன். வாள் ஏந்திய வீரனுக்குப் பிங்க் கவசம். “நேர்காணலில் சிரிப்பார்களே, நீலமாக மாற்றச் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. “ஏன் பிங்க்?” என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்குப் பதில் அவனிடம் இருந்தால் போதும்.

பையனுக்கு நீலம், பெண்ணுக்குப் பிங்க் என்பது ஆதிகாலத்து வழக்கம் ஒன்றுமில்லை. 1918-ல் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஓர் அமெரிக்கப் பத்திரிகை நேர்மாறாகவே எழுதியது: பிங்க் அழுத்தமான நிறம், அது பையன்களுக்கு; நீலம் நளினமானது, அது பெண்களுக்கு.

அவன் துறையிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஆளுக்கொரு நிறத்தில் முகம் மறைக்கும் உடை அணிந்த வீரர் குழுவைப் பற்றியது ஜப்பானின் 1992 ‘ஜூரேஞ்சர்’ தொலைக்காட்சித் தொடர். அதில் மஞ்சள் வீரர் ஓர் ஆண். அதன் சண்டைக் காட்சிகளை எடுத்துக்கொண்டு 1993-ல் அமெரிக்காவில் ‘பவர் ரேஞ்சர்ஸ்’ செய்தபோது அதே மஞ்சள் உடைக்குள் இருப்பவர் பெண் என்றார்கள். பெண் வீரரின் பிங்க் உடையில் குட்டைப் பாவாடை இருந்தது, ஆணுக்கென்று தைத்த மஞ்சளில் இல்லை. குழந்தைகள் அதைப் பெரிதுபடுத்தாமல் பார்த்தார்கள். நிறத்துக்கென்று ஆண், பெண் கிடையாது. கதை சொல்கிறவர் ஏற்றிவிடுவதுதான். இதை அவன் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும், மனப்பாடம் வேண்டாம்.

சரி, எனக்கு உறுத்தியது வேறு. அவன் வரைந்த பெண்கள் எல்லோருக்கும் ஊதா உடை, நீண்ட இமை, ஒரே இடுப்பு. வீரனுக்குக் காட்டிய துணிச்சல் இங்கே காணோம். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான். எல்லாப் படங்களையும் கறுப்பு நிழலுருவமாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். யார் யாரென்று தெரியாவிட்டால் உருவத்தையே திருத்த வேண்டும், நிறத்தைத் தொட்டுப் பயனில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் பார்வையாளர்களில் இருப்பார்கள், அவர்களுக்கும் இது உதவும்.

வேலை என்று வந்தபின் பொம்மை நிறுவனம் “பெண் பாத்திரம், பிங்க்தான் வேண்டும்” என்று கேட்கலாம். அப்போது முகம் சுளிக்காமல் செய்துகொடுக்கவும் தெரிய வேண்டும். அதனால் அந்த வீரனையே மூன்று நிறக் கலவைகளில் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிக் காரணம் எழுதி போர்ட்ஃபோலியோவில் (தேர்வாளருக்குக் காட்டும் படத் தொகுப்பில்) சேர்க்கட்டும். பிங்க் முதலில் வரட்டும்.

அப்புறம் ஒன்று, அவன் வண்ணம் தீட்டும்போது பின்னால் நின்று பார்க்காதீர்கள்.