அலாஸ்காவுக்குக் கப்பலில்: கேள்வி பதில்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டித் தீவுகளுக்கு நடுவே செல்லும் 'இன்சைட் பாசேஜ்' கடல்வழியில் மூன்று முறை பயணம் செய்தவன் என்பதால், வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். எந்தக் கப்பல் நிறுவனம் சிறந்தது என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வருவதில்லை.

கேள்வி: கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளமும் நாடக அரங்கும் இருக்கும்போது, காட்டைப் பார்க்க யார் வெளியே வருகிறார்கள்? விமானத்தில் இறங்கி, காரில் சுற்றுவது மேல் அல்லவா?

பதில்: காரில் சுற்றுவதற்குச் சாலை வேண்டுமே. மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது; விமானத்திலோ கப்பலிலோதான் போய்ச் சேர முடியும். மலைகள் நேரே கடலுக்குள் இறங்கும் அந்நிலத்தில் நீர்தான் நெடுஞ்சாலை. நாள் முழுவதும் இருபுறமும் மழைக்காடு நகர்ந்துகொண்டே இருக்க, ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படாமலே பல மணி நேரம் கழியும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நுழையும் நாள் தனிச் சிறப்புடையது. பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார்கள். மார்ஜரி பனியாற்றின் முகப்பு ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. அகலமும், நீர்மட்டத்துக்கு மேல் 75 மீட்டர் அளவுக்கு உயரமும் உடையது. இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் அதன் வெடிப்புகளுக்குள் ஆழ்ந்த நீலம் தெரியும். துண்டு உடைந்து விழுவதைக் கண் முதலில் பார்த்துவிடும். ஓசை ஓரிரு நொடி கழித்தே காதுக்கு எட்டும். கைப்பிடியளவு என்று நினைத்த துண்டு மாடி வீட்டளவு என்பது, அது எழுப்பும் அலையைப் பார்த்த பிறகுதான் விளங்கும். ஒருமுறை சிறு படகில், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே என்ஜினை நிறுத்தியபோது, தாளிப்பில் கடுகு பொரிவது போன்ற சடசடப்பு நாலாபுறமும் கேட்டது. நெடுங்காலம் பனிக்குள் நசுங்கிக் கிடந்த காற்றுக் குமிழிகள், பனி உருக உருக வெடிக்கும் ஓசை அது.

கேள்வி: ஜூலையில் போகிறோம். துருவ ஒளி தெரியுமா?

பதில்: தெரியாது. கோடையில் அங்கே வானம் சரியாக இருட்டுவதே இல்லை.

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறுவதா, கனடாவின் வான்கூவரிலா? ஊரிலிருந்து பெற்றோரையும் அழைத்துப் போகிறோம்.

பதில்: வான்கூவரிலிருந்து கிளம்பினால் பயணத்தின் பெரும்பகுதி தீவுகளுக்கு உட்புறமாகவே அமையும், சியாட்டில் கப்பல்கள் பல வான்கூவர் தீவுக்கு வெளியே, திறந்த கடலில் செல்வதால் ஆட்டம் சற்று அதிகம். ஆனால் அதைவிட முக்கியமானது விசா. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச்செல்ல முடியாது. அதனால் சியாட்டில் கப்பலும் விக்டோரியா போன்ற கனடியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுடன் வரும் பெற்றோருக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் தேவை. இதைக் கவனிக்காமல் துறைமுகத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜூன் கடைசியிலாவது துருவ ஒளி தெரியுமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: பெரிய கப்பல்களில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கிடைக்கும். ஊறுகாய்க்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: மலையளவு கப்பலில் எண்ணெயை எரித்துக்கொண்டு, அதே புகையால் உருகும் பனியை வேடிக்கை பார்க்கப் போவது உங்களுக்கு உறுத்தவில்லையா? அந்தக் கிளேசியர் பே விரிகுடாவே புவி வெப்பமடைந்ததால்தானே உண்டாயிற்று?

பதில்: உறுத்துகிறது. ஆனால் வரலாற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். 1794-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் குழுவினர் அங்கே கண்டது பெரும்பாலும் பனிச்சுவரைத்தான். 1916-க்குள் அந்தப் பனி ஏறத்தாழ 100 கி.மீ. பின்வாங்கிவிட்டது. எனவே விரிகுடா உருவானதற்கு இன்றைய புகையைக் காரணமாகச் சொல்ல முடியாது. இன்று அலாஸ்காவின் பனியாறுகளில் பெரும்பாலானவை மெலிந்துவருவதற்கு வெப்பமாதல்தான் காரணம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

கேள்வி (அவரே): அப்படியானால் நீங்கள் கப்பலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

பதில்: இல்லை. வரம்பு வேண்டும் என்பவன் நான். கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அங்கே அமைதி எஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஜூனோவுக்கு 2023-இல் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தார்கள். 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரையறுத்தார்கள். சனிக்கிழமைகளில் பெரிய கப்பல்களே வரக் கூடாது என்ற முன்மொழிவை, அதே ஆண்டு அக்டோபரில் அவ்வூர் மக்களே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். பிழைப்பும் அமைதியும் மோதும்போது அங்கு வாழ்பவர்கள் எடுக்கும் முடிவை, ஒரு வாரம் வந்துபோகும் நானும் நீங்களும் எளிதில் எடைபோட்டுவிடக் கூடாது. கிளேசியர் பே விரிகுடா, ஹூனா டிலிங்கிட் என்ற பழங்குடி மக்களின் தாயகம். 18-ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனி அவர்களை வெளியேற்றியது. 2016-இல்தான் அங்கே அவர்களுடைய குல இல்லம் மீண்டும் எழுந்தது. அந்த வரலாற்றையும் ரேஞ்சர்கள் சொல்வார்கள். அப்போது உணவறையில் வரிசையில் நிற்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கப் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருக்கிறேன். எனக்கும் கனடா விசா வேண்டுமா?

பதில்: வேண்டாம்; ஆனால் அட்டையையும் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். பெற்றோருக்கு வேண்டும்.

கேள்வி: பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: பால்கனியில் கப்பலின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும், திமிங்கிலமோ எப்போதும் மறுபக்கத்தில்தான் எழும். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலரும் மழைச்சட்டையும் வாங்கிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு மேல்தளத்தின் முன்பக்கம் போய் நில்லுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் துருவ ஒளி?

பதில்: மாதக் கடைசியில், மேகமில்லாத இரவாக இருந்தால் வாய்ப்புண்டு. கப்பல்கள் நிற்கும் தென்கிழக்கு அலாஸ்கா ஊரான கெச்சிகன் பக்கம் மேகமில்லாத இரவு அமைவதே அரிது.