தமிழை விட்டுவிட்டால் வாசிப்பு வந்துவிடுமா?

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வாய் ஓயாமல் பேசுவான், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால்தான் திணறல். மலாய் மெதுவாக வருகிறது, தமிழில் தடுமாறுகிறான், ஆங்கிலம் சுத்தமாக வரவில்லை. டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைப் படிப்பதில் மட்டும் வரும் கற்றல் சிரமமாக, இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. மூன்று மொழி தாங்காது, மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்று என்கிறார்கள் வீட்டில். கண்ணாடிக் கடையில் வண்ணக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: டிஸ்லெக்சியாவுக்காகப் பள்ளியை மாற்ற வேண்டாம். வண்ணக் கண்ணாடிக்குக் காசையும் கொடுக்க வேண்டாம்.

எழுத்து தோன்றிச் சுமார் ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சைப் போல வாசிப்பு தானாக வருவதில்லை. பார்வைக்கான பகுதியையும் பேச்சுக்கான பகுதியையும் இணைத்து ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் புதிதாக ஒரு பாதை போட்டாக வேண்டும். பெரும்பாலோருக்கு அது இடப்பக்கத்தில் அமைகிறது. காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக உள்ள பகுதி எழுத்தை ஒலியோடு பொருத்துகிறது. வாசித்துப் பழகப் பழக, அதற்குக் கீழே பின்மண்டையை ஒட்டிய இன்னொரு பகுதி, அடிக்கடி பார்த்த சொற்களை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்கிறது. ‘பள்ளி’ என்பதை நாம் எழுத்துக்கூட்டாமல் படிப்பது அதனால்தான். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது இந்த இரண்டு இடங்களிலும் இயக்கம் குறைவாக இருப்பதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கலின் வேர் கண்ணில் இல்லை, பேச்சொலியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. உங்கள் மகன் ‘பட்டம்’ படிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ப... ட்... ட... என்று கூட்டிக்கொண்டு கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் ஒலி நழுவிவிடும். உடனே படத்தைப் பார்த்து ‘பலூன்’ என்பான். இதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். உண்மையில் வாசிப்பில் விட்டதைப் பேச்சறிவால் ஈடுகட்டப் பார்க்கிறான், பாவம்.

சரி, மூன்று மொழியில் மூன்று விதமாக ஏன்? மலாயில் ‘மா-கான்’ என்று எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒட்டியே போகும். ‘e’ எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி. ஆங்கிலத்திலோ ‘தோ’ (though), ‘த்ரூ’ (through), ‘டஃப்’ (tough) மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன! தமிழ் இடையில் நிற்கிறது. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’, ஒலி வேறு வேறு. ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஆனால் ல, ழ, ள குழப்பத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பேச்சில் நம்மில் பலரே ழகரத்தைச் சரியாகச் சொல்வதில்லை.

2001-இல் ‘சயன்ஸ்’ இதழில் பவுலேசு குழு வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். மூளையில் மூன்று மொழியினருக்கும் ஒரே மாதிரியான குறை தெரிந்தது. எழுத்துமுறை எளிதான இத்தாலியர்கள் மட்டும் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். ஆக, தமிழை எடுத்துவிட்டாலும் சிக்கல் உங்கள் மகனோடு தேசியப் பள்ளிக்கும் போகும். வீட்டில் பேசும் மொழியின் பலம்தான் கைவிட்டுப் போகும்.

வண்ணக் கண்ணாடி டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். கண், காது பரிசோதனை மட்டும் அவசியம் செய்துவிடுங்கள்.

வீட்டில் பத்து நிமிடம் போதும், அதுவும் புத்தகம் இல்லாமல். “மரத்துல ‘ம’வை எடுத்துட்டா என்னடா மிச்சம்?” என்று கேளுங்கள். ‘கல்’லையும் ‘பல்’லையும் சொல்லி, எந்த ஒலி மாறியது என்று பிடிக்கச் சொல்லுங்கள். அது வந்த பிறகு எழுத்து. ஒரு மெய்யை எடுத்துக்கொண்டு அதன் உயிர்மெய் வரிசையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதவைப்பது வெறும் கைவலி. தினமும் ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், சொல்வளம் பின்தங்காமல் இருக்கும்.

மதிப்பீட்டுக்கு அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். மூன்று மொழி நோட்டுகளையும் எடுத்துப் போங்கள், ஆங்கிலத்தை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பதிவது கட்டாயமில்லை, மதிப்பீடு முடிந்த பிறகு யோசிக்கலாம்.

அப்புறம், இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. உங்கள் பக்கத்திலோ கணவர் பக்கத்திலோ சின்ன வயதில் வாசிக்கத் திணறியவர்கள் உண்டா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலர் பள்ளி வயதில் தம்பி தங்கை இருந்தால், அந்த ஒலி விளையாட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.