கடற்கரைப் பக்க வீட்டுக்கு வெளியே என்ன நிறம் அடிக்கலாம்?

மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்குக் கிட்ட, ஓட்டுக் கூரையோடு புது வீடு. வெளிச்சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கூரையைப் பாருங்கள். ஓட்டின் சிவப்பை மாற்றப் போவதில்லை; அதோடு ஒத்துப்போவது சந்தனம், வெளிர் மஞ்சள், மங்கிய பச்சை. தூய வெள்ளையும் அழகுதான். ஆனால் மார்கழி மழையில் மண் தெறித்து அடிச்சுவர் அசிங்கமாகிவிடும். அதனால் நிலத்திலிருந்து இரண்டடிக்குக் கடும் சாம்பலோ காவியோ ஒரு பட்டை விடுங்கள்.

ரோஸ், ஊதா, கடும் நீலம் எல்லாம் கடை அட்டையில்தான் ஜோர். நம் வெயிலுக்கு மேற்குச் சுவர் சீக்கிரமே வெளுத்துப்போகும். காவி, செங்கல் நிறம் போன்றவற்றில் இருப்பது இரும்பு ஒட்சைட்டு, அவை நின்றுபிடிக்கும். வெளிர் நிறம் என்றால் கச்சான் காற்று வெக்கையாக வீசும் காலத்தில் சூடும் கொஞ்சம் குறையும்.

சின்ன டின் ஒன்று வாங்கி மூன்றடிச் சதுரத்தில் அடித்து, காலையிலும் உச்சி வெயிலிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சுவரின் புதுச் சீமெந்துப் பூச்சு குறைந்தது 28 நாள் காயட்டும். அவசரப்பட்டால் சீமெந்தின் காரம் பெயின்ற்றைத் தின்று, உப்பும் வெள்ளையாகப் பூக்கும். அப்புறம் காரம் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு), மேலே இரண்டு கை வெளிப்புற எமல்ஷன் பெயின்ற். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

காசு மிஞ்சினால் கேற்றுக்குச் செலவழியுங்கள். உப்புக் காற்றில் வெல்டிங் மூட்டுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே நன்றாகத் தேய்த்துத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். மதிலை வீட்டைவிடப் பகட்டாக அடிக்கும் வழக்கம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை.