ஒருவருக்கான சமையலில் கறியும் மீனும்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக வசிக்கிறேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜும் இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் அரைக் கிலோ கோழியும் ஒரு கிலோ மீனும் வாங்கி வந்து, வாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைக்கிறேன். சென்ற மாதம் கானாங்கெளுத்தி வறுத்துச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தது. மீனை நன்றாகத்தான் வறுத்திருந்தேன். எனக்கு மீன் ஒவ்வாமை இருக்கிறதா? கறியையும் மீனையும் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? ஊருக்குப் போயிருக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் அதைத் திரும்பி வந்து எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உடம்பைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி, நெத்திலி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. மீன் செத்தபின் வெப்பத்தில் கிடந்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமை ஏற்படும்போது நம் உடலே சுரக்கும் பொருளும் ஹிஸ்டமின்தான் என்பதால், அது சேர்ந்த மீனைத் தின்றவருக்கும் முகச் சிவப்பு, தடிப்பு, தலைவலி, படபடப்பு என்று ஒவ்வாமை போலவே வெளிப்படுகிறது. ஒருமுறை உருவாகிவிட்ட ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தோ, எண்ணெயில் பொரித்தோ, உறைய வைத்தோ அழிக்க முடியாது. நன்றாக வறுத்தும் உங்களுக்கு அப்படி நேர்ந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். அதே மீனை இதற்கு முன் பலமுறை தொந்தரவின்றிச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றால் இந்த ஐயம் வலுப்பெறும். ஆனால் ஒவ்வாமையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அந்த மீனைத் தொடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, உதடும் தொண்டையும் வீங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஞாயிறன்று வாங்கிய ஒரு கிலோ மீன் அன்றே தீர்ந்துவிடும். தனியாக இருப்பவரிடம் அதே ஒரு கிலோ நான்கைந்து நாள் தங்குகிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைவிட, சந்தையில் வாங்கியதிலிருந்து அடுப்பில் ஏற்றும் வரை அது எங்கே, எத்தனை நேரம், எவ்வளவு குளிரில் இருந்தது என்பதே முக்கியம். சமைக்காத கறியும் மீனும் வெளியில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் இந்த அவகாசம் 1 மணி நேரமாகக் குறைகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். காசிமேட்டிலோ சைதாப்பேட்டையிலோ மீன் வாங்கிக்கொண்டு இரண்டு கடை ஏறி இறங்கி வீடு சேர்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடலாம். மற்ற சாமான்களையெல்லாம் வாங்கி முடித்துவிட்டு மீனையும் கறியையும் கடைசியாக வாங்குங்கள். கடைக்காரரிடம் இரண்டு கைப்பிடி ஐஸ் கேட்டு அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத இந்தப் பழக்கம் ஒன்றே ஹிஸ்டமின் தொல்லையைப் பெருமளவு தவிர்த்துவிடும்.

எந்த மீனை என்றைக்குச் சமைப்பது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. மேலே சொன்ன ஹிஸ்டிடின் மிகுந்த மீன்களை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். சுறாவையும் திருக்கையையும் அன்றே முடிப்பது நல்லது. அவற்றின் சதையில் இயல்பாகவே உள்ள யூரியா, நேரம் ஆக ஆக அம்மோனியாவாக மாறி நெடியடிக்கத் தொடங்கும். கொத்துக்கறியும் ஈரலும் இவற்றோடு சேர்ந்தவை, ஏனென்றால் கொத்தும்போது மேல்பரப்பில் இருந்த கிருமிகள் கறி முழுவதும் கலந்துவிடுகின்றன. சங்கரா, வவ்வால், கிழங்கான் போன்ற மீன்களும் கோழித் துண்டுகளும் 4 டிகிரிக்குக் கீழே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். ஆட்டுக்கறித் துண்டுகள் 3 நாள் வரை தாங்கும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்த ஆட்டுக்கறி, அறுத்த சில மணி நேரத்தில் விறைத்திருக்கும் நிலையிலிருந்து தளர்ந்து இன்னும் மென்மையாகவே வேகும் என்பதால், ஞாயிறன்று மீனையும் திங்களன்று கறியையும் சமைப்பதே சரியான ஒழுங்கு. வஞ்சரம் பார்ப்பதற்குக் கெட்டியான மீன் என்றாலும் கானாங்கெளுத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது; அதையும் அன்றே சமையுங்கள், அல்லது வீட்டுக்கு வந்தவுடன் உறைய வையுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் ஃபிரிட்ஜ் உண்மையிலேயே 4 டிகிரியில் இருந்தால்தான் செல்லும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு இரவு முழுவதும் உள்ளே வைத்துக் காலையில் பாருங்கள்; 7, 8 டிகிரி காட்டும் ஃபிரிட்ஜ்கள் அரிதல்ல. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டுதான் மிகவும் குளிர்ந்த இடம், கதவுப் பக்கம்தான் வெப்பம் மிகுந்த இடம். பச்சைக் கறியை எப்போதும் அடித்தட்டில்தான் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதன் நீர் சமைத்த உணவின் மேல் சொட்டிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இந்த வகை ஃபிரிட்ஜில் மேல்தட்டே குளிர்ந்தது என்பதால், இறுக மூடும் டப்பாவில் இட்டு அங்கேயே வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டப்பா ஒழுகாமல் இருந்தால் விதியின் நோக்கம் நிறைவேறிவிடுகிறது.

உறைய வைப்பதில் தனியாக இருப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, வாங்கி வந்த பையை அப்படியே ஃப்ரீசரில் திணிப்பது. தடித்த கட்டியாக உறையும் கறி மெதுவாக உறைகிறது. மெதுவாக உறையும்போது பெரிய பனித்துகள்கள் உருவாகிச் சதையின் இழைகளைக் கிழிப்பதால், பிறகு எடுக்கும்போது நீர் வடிந்து சக்கையாகிவிடுகிறது. அதோடு, ஒரு வேளைக்கு வேண்டிய நான்கு துண்டுக்காக முழுக் கட்டியையும் இளக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் சமையலைத் தொடங்கும் முன்பே ஒரு வேளைக்கு 150 கிராம் அளவில் பங்கிட்டு, சிறு பைகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, தேதி எழுதி வையுங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வைக்கலாம். எலுமிச்சைச் சாறு சதையைக் குழையச் செய்யும், உப்பு நீரை இழுக்கும். இவ்விரண்டையும் சமைக்கும் அன்று சேருங்கள். இறால் தண்ணீரில் மூழ்கியபடி உறைந்தால் காய்ந்துபோகாது.

உறையும் உணவு நெடுநாள் நிற்க −18 டிகிரி வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சிக்கனத்தைக் குறிப்பவை, குளிரின் அளவை அல்ல. சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரை நம்பி மாதக்கணக்கில் சேமிக்க வேண்டாம். மீனை இரண்டு வாரத்திலும் கறியை ஒரு மாதத்திலும் தீர்த்துவிடுங்கள். உறைபனியைக் கரைக்கும் பொத்தானை அழுத்துவதானால், ஃப்ரீசர் காலியாக இருக்கும் நாளில் அழுத்துங்கள். உள்ளே கறி இருக்கும்போது இரவில் அழுத்திவிட்டுத் தூங்கினால், அது இளகி மீண்டும் உறைந்திருப்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

இளக்குவதற்கு, முந்தைய இரவே பையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். அவசரமென்றால் மூடிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம். காலையில் வேலைக்குப் போகும்போது மேடையில் எடுத்து வைத்துவிட்டு மாலையில் வந்து சமைப்பதை விட்டுவிடுங்கள். மெல்லிய மீன் துண்டுகளை இளக்காமலே கொதிக்கும் குழம்பில் போடலாம். கோழியில் அப்படிச் செய்தால் வெளிப்புறம் வெந்தும் எலும்பை ஒட்டிய பகுதி வேகாமலும் நின்றுவிடும்; கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். கோழியைக் குழாயடியில் அலசுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கும் நீரோடு பாத்திரங்களுக்கும் காய்கறிக்கும்தான் பரவுகிறது. மஞ்சள் போட்டு அலசாமல் மனம் ஒப்பாது என்றால் ஒரு பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு தொட்டியைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

சமையல் நேரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கிய தொக்கை வாரத்துக்கு ஒருமுறை செய்து, அதையும் சிறு பங்குகளாக உறைய வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீன் குழம்பு புளித்தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிட வேலைதான். வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் குழம்பு வைக்கும் தேவையே வராது. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மை. புளியின் அமிலம் கிருமிகளின் வளர்ச்சியைச் சற்றுத் தடுக்கவும் செய்கிறது. எனினும் சட்டியோடு இரவு முழுவதும் வெளியில் வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, கறிக் குழம்புக்கு அது அறவே கூடாது. கொதிக்கும்போது சாகாத வித்துகளாக எஞ்சும் பாக்டீரியாக்கள், மெல்ல ஆறும் குழம்பில் முளைத்துப் பெருகுகின்றன. இவற்றுள் சிலவகை விடும் நஞ்சு மறுநாள் சுட வைத்தாலும் அழியாது. ஆகவே மீதியை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றி, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் தனியே ஊற்றிக் கொதிக்க வையுங்கள்.

கடைசியாக மின்தடை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி இளகவில்லை. சற்று அமிழ்ந்திருந்தால் சிறிது நேரம் மின்சாரம் நின்றிருக்கிறது. ஆனால் இடைவேளையில் எவ்வளவு சூடேறியது என்று கணிக்க முடியாததால், மீனை மட்டுமாவது கழித்துவிடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் உள்ளிருக்கும் எல்லாமே முழுவதும் இளகி மறுபடி உறைந்தவை. முகர்ந்து பார்த்தோ ஒரு துண்டை வறுத்துப் பார்த்தோ முடிவு செய்யாமல் அனைத்தையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.