சம்மன் முதல் வக்காலத்து வரை: கோர்ட் வார்த்தைகளும் வீட்டுச் சந்தேகங்களும்

சிவில், கிரிமினல் இரண்டு பக்கமும் ஓடுகிற சாதாரண வக்கீல் நான். என்னிடம் வந்த சில கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை; கேட்டவர்களின் பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டேன். உங்கள் கேஸ் ஜெயிக்குமா என்று சொல்ல மாட்டேன். கேஸ் காகிதக் கட்டைப் பார்க்காமல் அதைச் சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள்.

சார், கோர்ட்டிலிருந்து அப்பா பேருக்கு சம்மன் வந்திருக்கு. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. கைது பண்ணிடுவாங்களா?

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் தம்பி. சம்மன் என்றால் 'வா' என்று கூப்பிடுவது, அவ்வளவுதான். பிடித்து வா என்று போலீசுக்குச் சொல்வது வாரண்ட், அது வேறு காகிதம். சம்மனில் வழக்கு எண்ணைப் பாருங்கள். முன்னால் 'ஓ.எஸ்.' என்று இருந்தால் சிவில். 'சி.சி.' என்றால் கிரிமினல். 'எம்.சி.ஓ.பி.' என்றால் வாகன விபத்து இழப்பீடு. அடுத்து, அப்பா பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? பிரதிவாதியா (சிவில் வழக்கில் யார் மேல் வழக்கோ அவர்), சாட்சியா, எதிரியா? கோர்ட் தமிழில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், பகையாளி இல்லை. வெறும் சாட்சி சம்மனுக்கே வீடு முழுக்க அழுததை நான் பார்த்திருக்கிறேன். சிவில் சம்மன் என்றால் கைக்குக் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை, அதாவது எழுத்தில் உங்கள் பதில், போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை இழுக்கலாம். பீரோவில் வைத்துப் பூட்டுவது மட்டும் வேண்டாம்.

ஸ்டேஷன்ல புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாங்க. அதான் எஃப்.ஐ.ஆரா?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும். அது பதிவானால்தான் புலன்விசாரணை முறைப்படி தொடங்கும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், யாருக்கும் 'டீ செலவு' தர வேண்டியதில்லை.

'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் கைது'ன்னு பேப்பர்ல போடுறாங்க. ஆனா அந்த ஆளு பத்தே நாள்ல வெளியே வந்துடுறான். எப்படி?

பேப்பர்காரர்கள் போடுகிற அந்த வார்த்தைதான் குழப்பமே. ஜாமீன் உரிமையாகக் கிடைக்கிற குற்றம் ஒன்று, அதற்கு ஸ்டேஷனிலேயே விட்டுவிடலாம். கோர்ட் மனசு வைத்தால் மட்டும் கிடைக்கிற குற்றம் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் 'வெளிவர முடியாத' என்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு வழியும் உண்டு. கைதானவரை ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட) நாளிலிருந்து 60 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மரணம், ஆயுள், பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை என்று தண்டனை உள்ள குற்றமானால் 90 நாள். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும்.

ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்தானே? பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள்னு கணக்காமே?

பகல் தனி, இரவு தனி என்பது சுத்தக் கட்டுக்கதை. ஆயுள் என்றால் ஆயுள்தான், சாகும்வரை. 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கொலை போன்ற, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு முன்கூட்டி விட நினைத்தாலும், 14 ஆண்டுக்கு முன் விடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை யாரோ தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கைமாத்தா பணம் கொடுத்து 10.3.2022 தேதியில புரோநோட் வாங்கினேன். 'எப்போ கேட்டாலும் தரேன்'னுதான் எழுதியிருக்கு. இன்னும் கேட்கவே இல்ல. காலக்கெடு ஓடுமா?

ஓடும், ஓடிவிட்டது. புரோநோட் என்பது கடனைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பத்திரம்; காலக்கெடு என்பது அதை வைத்து வழக்குப் போடுவதற்கான கெடு. இந்த மாதம் மட்டும் மூன்றாவது ஆள் இதைக் கேட்கிறார், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

'எப்போது கேட்டாலும்' என்று எழுதிய புரோநோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து கணக்கு இல்லை. நோட்டில் உள்ள தேதியிலிருந்து மூன்று ஆண்டு. உங்களுடையது 10.3.2025-ல் முடிந்தது. அன்று கோர்ட் விடுமுறை என்றால்கூட, திறக்கிற நாள் வரைதான் சலுகை.

இப்போது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஏதாவது வரவு இருக்கிறதா? உதாரணமாக, 12.3.2023-ல் அவர் 5,000 ரூபாய் கொடுத்து, அதை அவர் கையாலேயே எழுதியிருந்தால், அல்லது நீங்கள் எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் நீங்களே எழுதிக்கொண்ட வரவு இதற்கு உதவாது. கெடு முடிந்த பிறகு வாங்கிய வரவும் உயிர் கொடுக்காது.

வரவு எதுவும் இல்லையா? ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. பழைய கடனைத் தருகிறேன் என்று அவர் இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டப்படி அது புதிய வாக்குறுதி. வாயால் சொன்னது போதாது. சண்டை போட்டுக் கேட்டால் யாரும் எழுதித்தர மாட்டார்கள், பதமாகப் பேசுங்கள்.

வேலைக்காக வெளியூர்ல இருந்தேன். வாய்தாவுக்குப் போகல. எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சாம். எல்லாம் போச்சா மேடம்?

மேடம் இல்லை, சார். பரவாயில்லை அம்மா. எக்ஸ்பார்ட்டி என்றால் உங்கள் தரப்பைக் கேட்காமல் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தந்த தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறைப்படி உங்களிடம் சேராமலே தீர்ப்பு வந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 30. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். பஸ் டிக்கெட், கம்பெனி வருகைப் பதிவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு வந்து, அமீனா (கோர்ட் ஊழியர்) கதவைத் தட்டுகிற வரை காத்திருக்காதீர்கள்.

உயில் எழுதலாமா, செட்டில்மென்டா?

உயில் உங்களுக்குப் பின்னால்தான் பேசும், இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மென்ட் என்பது நீங்கள் இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது; வீடு, நிலத்துக்கு என்றால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிந்தால் சொத்து அன்றைக்கே கைமாறும். பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் செட்டில்மென்ட் எழுதிவிட்டு என்னிடம் வருகிறவர்களை நினைத்தால் உயில் பக்கம்தான் என் கை போகிறது.

வக்காலத்துல கையெழுத்துப் போட்டா வக்கீல் நம்ம சொத்தையே எழுதிக்க முடியுமா? தப்பா நினைக்காதீங்க.

நினைக்கவில்லை, நல்ல கேள்வி. வக்காலத்து என்பது அந்த ஒரு வழக்கில் உங்களுக்காக ஆஜராக அனுமதி, பவர் பத்திரம் இல்லை. அதை வைத்து சொத்தை விற்க முடியாது. ஆனால் வெற்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், நானே கேட்டாலும், போடாதீர்கள்.